வடசேரி நகைக்கு அயல்நாட்டில் ஒரு சின்னம்

(வடசேரியில் கோயில் நகைத் தொழில் செய்வோர் மத்தியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டொராண்டோவிலோ லண்டனிலோ கோலாலம்பூரிலோ ஒரு பெண்ணுக்கு அரங்கேற்றம் என்றால், மிருதங்கத்துக்கு ஆள் பேசுவதற்கு முன்பே அந்த வீட்டில் நகைப் பேச்சு தொடங்கிவிடும். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என்று முழு செட்டாகக் கேட்டு வாங்குவார்கள். அந்த செட்டில் எது வடசேரியில் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்தது, எது எங்கோ அச்சில் வார்த்து முலாம் பூசி வந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: டெம்பிள் ஜுவல்லரி.

உங்கள் கையில் நடப்பது என்ன? வெள்ளித் தகட்டை வரைந்த அளவுக்கு வெட்டுகிறீர்கள். கல் உட்காரும் இடத்துக்கெல்லாம் கரை எழுப்புகிறீர்கள். உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தங்க ரேக்கை வைத்து அழுத்தித் தேய்க்கிறீர்கள். வார்ப்பு நகையில் இந்த வேலை எதுவும் கிடையாது. ஆனால் செல்பேசித் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். விலையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விலையில் கைவேலை தோற்றுப்போகும். திருவிதாங்கூர் காலத்தில் கோயிலுக்கும் அரண்மனைக்கும் நகை செய்து கொடுத்த ஊர் இது. அப்போது செய்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியும். இன்று வாங்குகிறவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

நம்மிடம் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நம் வடசேரியை உள்ளடக்கிய நாகர்கோவிலின் கோயில் நகைக்கு 2007-08-லேயே அந்தப் பதிவு கிடைத்துவிட்டது. அதே கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், கன்னியாகுமரி கிராம்புக்கும், மட்டிப் பழத்துக்கும் பிறகு கிடைத்தது. ஆனால் அந்தப் பதிவைத் தரும் சட்டம் 1999-இல் நம் நாடாளுமன்றம் இயற்றி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டம். அதன் அதிகாரம் இந்திய எல்லையோடு முடிகிறது. நாகர்கோவில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டு அதைக் காட்டி சிங்கப்பூரில் மனை கேட்க முடியுமா? அப்படித்தான் இதுவும். வணிகக்குறிக்கும் இதே விதிதான். ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் ஏறினால்தான் அங்கே பதிவுரிமை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவான பெயரில் 'நாகர்கோவில்' இருக்கிறது, 'வடசேரி' இல்லை. 'கோயில் நகை' என்பது பொதுச்சொல். அதை உலகில் எந்த அலுவலகமும் ஒருவருக்குத் தனியுரிமையாகத் தராது. அடையாளமாக நிற்கக்கூடிய சொல் ஊர்ப்பெயர் ஒன்றுதான். அந்த ஊர்ப்பெயரையும் வெறும் சொல்லாக வணிகக்குறிக்குக் கொண்டுபோனால் பல நாடுகளில் 'இது ஓர் இடத்தின் பெயர்தானே' என்று திருப்பி அனுப்புவார்கள். புவிசார் பெயர்களை நாடுவிட்டு நாடு காக்கும் லிஸ்பன் ஒப்பந்த அமைப்பில் இந்தியா சேரவில்லை. அமெரிக்காவில் புவிசார் குறியீட்டுக்கென்று இங்குள்ளதுபோல் தனிப் பதிவேடே கிடையாது. அங்கே வணிகக்குறிச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் லோகோவைப் பற்றி இவ்வளவு தூரம் சொல்ல வந்தேன். வரைந்த உருவமும் ஊர்ப்பெயரும் சேர்ந்த ஒரு சின்னத்தை, கூட்டு வணிகக்குறியாக, நகை போகும் நாடுகளில் பதிய வேண்டும். பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் திரும்பி வருவேன்.

இதற்கு முன்னோடி நம் நாட்டிலேயே இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலை. வட்டத்துக்குள் பக்கவாட்டில் தெரியும் ஒரு பெண் முகம், கையில் தேயிலைக் கொழுந்து. இந்த லோகோவைத் தேயிலை வாரியம் 1983-இல் உருவாக்கியது. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் பிறப்பதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஜப்பான், எகிப்து, ஐரோப்பிய நாடுகள் பல என்று ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே போனார்கள். 2004-இல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீடாக டார்ஜிலிங் பதிவானபோது, வெளிநாட்டில் அதன் லோகோ ஏற்கெனவே ஊன்றிவிட்டது.

ஊன்றியும் சும்மா இருக்க முடியவில்லை. ஜப்பானில் ஒரு தேநீர் நிறுவனம், டார்ஜிலிங் பெண்ணையும் இந்திய வரைபடத்தையும் சேர்த்துத் தன் பெயரில் குறி பதிந்து வைத்திருந்தது. தேயிலை வாரியம் வழக்காட, 2002-இல் ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு அதைச் செல்லாது என்று அறிவித்தது. பிரான்சில் ஒருவர் தேநீர்க் கெண்டிப் படத்தோடு 'டார்ஜிலிங்' என்ற பெயரைப் பதிப்பு முதலான வேறு தொழில்களுக்குப் பதிந்துகொண்டார். கீழ்நீதிமன்றத்தில் வாரியம் தோற்றது. 2006 நவம்பரில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவை நீக்கியது. ஆனால் எல்லா வழக்கும் வெற்றியல்ல. ஒரு பிரெஞ்சு உள்ளாடை நிறுவனம் 'டார்ஜிலிங்' என்று லோகோ போட்டுக்கொண்டதை எதிர்த்து வாரியம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2017 செப்டம்பர் 20 அன்று வாரியத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது. தேயிலைக்குப் பதிந்த கூட்டுக்குறி உள்ளாடைக்கடையைத் தடுக்கும் அளவுக்கு நீளாது என்பதே அதன் சாரம். எந்தப் பொருளுக்குப் பதிகிறோமோ, பெரும்பாலும் அந்தப் பொருளோடும் அதை ஒட்டியவற்றோடும்தான் பாதுகாப்பு நிற்கும். நமக்கு அது சர்வதேச வகைப்பாட்டில் 14-ஆம் வகுப்பு. தங்கம் வெள்ளி நகையும் அதில்தான், கவரிங் நகையும் அதில்தான்.

இலங்கைக்கு வருவோம். அங்கே தேயிலை வாரியத்தின் சிங்க லோகோ நூறை ஒட்டிய நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சிங்கத்தைப் பொட்டலத்தில் போட வேண்டுமென்றால் உள்ளே இருப்பது முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொட்டலம் கட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். மொத்தமாக மூட்டையில் ஏற்றுமதி செய்து, வேறு நாட்டில் கலந்து, சிங்கத்தை ஒட்டி விற்க முடியாது. வேலையும் கூலியும் ஊரிலேயே தங்குகிறது.

ஆனால் அந்தக் கொழுந்தைக் கிள்ளும் கைகள் பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகள். சிங்கம் அவர்கள் பெயரில் இல்லை. டார்ஜிலிங்கிலும் லோகோவில் முகம் தொழிலாளியின் முகம், உரிமை வாரியத்தின் உரிமை. வாரியம் இல்லாவிட்டால் ஜப்பானிலும் பாரிஸிலும் வழக்காட ஆள் இருந்திருக்காது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் வடசேரியில் நிலைமை வேறு. இங்கே தோட்ட முதலாளி கிடையாது. செய்கிறவரே பட்டறைக்காரர். அதனால் சின்னத்தின் உரிமையாளராகச் செய்கிறவர்களே இருக்க முடியும்.

அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டம் கூட்டு வணிகக்குறி என்றும் சான்றுக்குறி என்றும் இரண்டு வகை தருகிறது. சான்றுக்குறிக்கு உரிமை கொண்டவர் அந்தப் பொருளைத் தான் வியாபாரம் செய்யக் கூடாது. அந்த வியாபாரத்தில் இல்லாத ஓர் அமைப்புக்குத்தான் அது பொருந்தும். கூட்டு வணிகக்குறி ஒரு சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தின் உறுப்பினர் எல்லாரும் அதைப் பயன்படுத்தலாம். விண்ணப்பத்தோடு விதிமுறைகளைக் கொடுக்க வேண்டும்: யார் உறுப்பினர் ஆகலாம், எந்த நகைக்குச் சின்னம் போடலாம், மீறினால் என்ன தண்டனை. இங்கே வெள்ளியிலும் வேலை நடக்கிறது, செம்பிலும் நடக்கிறது என்றால், சின்னம் எதற்கு உண்டு எதற்கு இல்லை என்று நீங்களே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இது கசப்பான பேச்சாக இருக்கும். பேசித்தான் ஆக வேண்டும். விதி இல்லாத சின்னத்தை எந்த வாங்குபவரும் இரண்டாம் முறை நம்பமாட்டார்.

இனி லோகோவை வரைவது. இதில் சறுக்குகிறவர்கள் அதிகம். நகை என்றதும் மகாலட்சுமியை வரையச் சொல்வோம், கோபுரத்தை வரையச் சொல்வோம். சாமி படமும் புராணப் பெயரும் எல்லாருக்கும் பொது. 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாக்கக் கேட்ட வழக்கில், மத நூலின் பெயரை ஒருவர் தன்னுடையதாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. பொருளையே அப்படியே படமாக வரைந்தாலும் சிக்கல்தான். ராக்கொடியின் படத்தை ராக்கொடிக்கு லோகோவாக்கினால், இது பொருளின் படம், குறி அல்ல என்பார்கள். கைவினையின் சாயல் தெரிய வேண்டும், அதே சமயம் வேறு யாரும் வரைந்திராத உருவமாக இருக்க வேண்டும். ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே அதில் இழைத்துவிடலாம் என்பது என் எண்ணம். டொராண்டோவில் இருக்கும் தமிழ்த் தாய்க்கு அது உடனே பேசும். அங்குள்ள அலுவலகத்துக்கு ஒலிபெயர்ப்பும் பொருளும் எழுதிக் கொடுத்தால் போதும். வரைந்த பிறகு, உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் இணையத் தேடலில் அந்தப் படத்தையே ஏற்றிப் பாருங்கள். ஒத்த லோகோக்களைக் காட்டும், கட்டணம் கிடையாது.

வரைந்து தருபவரிடம் பணம் கொடுத்து வாங்கிவிட்டால் லோகோ நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். எழுதி வாங்காதவரை அதன் பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. எழுதி வாங்கும்போதும் கவனம் வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள். உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வெளிநாட்டுக்காகவே ஒரு லோகோ வரைந்துவிட்டு, 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு சொல்லை எழுதாததால் அங்கே கை நழுவிப்போனால் எப்படி இருக்கும்! டிரேட்மார்க் விண்ணப்பம் எழுதுவதே என் பிழைப்பு. இந்தப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

பதிவு செய்யும் வழி இப்போது முன்பைவிட எளிது. 2013 ஜூலை 8 முதல் இந்தியா மாட்ரிட் அமைப்பில் இருக்கிறது. முதலில் நம் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது, இணையத்திலேயே செய்யலாம். அதை அடிப்படையாக வைத்து, ஒரே விண்ணப்பத்தில், வேண்டிய நாடுகளைக் குறித்து, இந்திய அலுவலகம் வழியாக ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்துக்கு அனுப்பலாம். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் என்று 130-க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த அமைப்புக்குள் வருகின்றன. மலேசியா 2019 டிசம்பரில்தான் சேர்ந்தது, கனடா அதே ஆண்டு ஜூனில், அமீரகம் 2021 டிசம்பரில். லண்டனை நினைத்து ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் பதிந்துவிடாதீர்கள். 2021 முதல் பிரிட்டனுக்குத் தனிப் பதிவு வேண்டும். அமைப்புக்கு வெளியே உள்ள நாட்டில் அங்குள்ள முகவர் மூலம் நேராக விண்ணப்பிக்க வேண்டும்.

அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளை லோகோவுக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ண லோகோவுக்கு 903. அதற்குமேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். வண்ணமே அடையாளம் என்றால் ஒழிய, கறுப்பு வெள்ளையில் போகச் சொல்வேன். இந்தியாவில் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுக்கும் அனுப்பினால், இந்திய விண்ணப்பத் தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதியாகும். ஜெனீவாவில் பதிவானதும் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஆராய்ந்து, 12 அல்லது 18 மாதத்துக்குள் ஏற்கவோ மறுக்கவோ செய்யும். முதல் ஐந்து ஆண்டுகள் எல்லாம் இந்தியப் பதிவின் தோளில்தான் நிற்கும். இங்கே அது விழுந்தால் அங்கே எல்லா நாட்டிலும் விழும். எனவே இந்திய விண்ணப்பத்தில் கை வைக்கும்போதே பொறுமையாக, தவறில்லாமல் செய்ய வேண்டும்.

இந்தச் சர்வதேசப் பதிவு இன்று நேற்று வந்ததல்ல. சுவிட்சர்லாந்தில் சாந்திமியே என்ற சிறு ஊர். அங்கே கடிகாரம் செய்த லாஞ்சின் நிறுவனம், சிறகு முளைத்த மணற்கடிகாரம் ஒன்றை லோகோவாக 1889-இல் தன் நாட்டில் பதிந்தது. போலிக் கடிகாரங்களின் தொல்லைதான் காரணம். 1893-இல் அதைச் சர்வதேசப் பதிவேட்டில் ஏற்றியது. அந்தப் பதிவேட்டில் மாறாத உருவத்தோடு இன்றும் உயிரோடு இருக்கும் மிகப் பழைய குறி அதுதான். கைவேலைக்காரர்கள் நிறைந்த ஓர் ஊர் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்ததை வடசேரி இன்று செய்வதில் அதிகப்படியான ஆசை எதுவும் இல்லை.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நகையை மொத்தமாக எடுக்கும் ஒரு வெளிநாட்டு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர், பாக்கி வைக்காதவர். அவர் நாட்டில், முதலில் விண்ணப்பித்தவருக்கே குறி என்று சட்டம். 'இதை யாரும் பதியவில்லையே, நானே பதிந்து வைக்கிறேன்' என்று நம் லோகோவைத் தன் பெயரில் பதிந்துவிடுகிறார். நாளை அவரோடு மனத்தாங்கல் வந்து இன்னொருவருக்குச் சரக்கு அனுப்பினால், துறைமுகத்தில் நம் நகையை நம் லோகோவைக் காட்டியே தடுக்க அவரால் முடியும். முகவர் அனுமதியின்றிப் பதிந்தால் எதிர்க்கலாம் என்று பாரிஸ் உடன்படிக்கையில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அதற்கு அந்த ஊரில் வக்கீல் வைத்து, ஆவணம் காட்டி, ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும். டார்ஜிலிங்குக்கு ஒரு வாரியம் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே ஏற்றுமதி ஒப்பந்தம் எழுதும்போதே, லோகோ எங்களுடையது, நீங்கள் பதியக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அதற்காக உலகம் முழுக்கப் பதிய வேண்டாம். அது காசுக்குக் கேடு. பதிந்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால் சில நாடுகளில் மூன்று ஆண்டிலும் சில நாடுகளில் ஐந்து ஆண்டிலும் யாராவது மனுப்போட்டு நீக்கிவிடலாம். நகை உண்மையிலேயே எங்கே போகிறது? உங்கள் கூரியர் ரசீதுகளைப் புரட்டினாலே பதில் கிடைக்கும். அதில் முதல் நான்கு நாடுகள் போதும். அந்த ரசீதுகளையும் சின்னம் பதித்த பெட்டியின் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். பயன்பாட்டுக்கு அவையே சாட்சி. பதிவாகாத நாட்டுக்கு அனுப்பும் பெட்டியில், வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக் குறியைப் போடாதீர்கள். சில நாடுகளில் அது குற்றம்.

ஒரு பட்டறைக்காரரால் இந்தச் செலவைத் தாங்க முடியாது. ஐம்பது பேர் சேர்ந்தால் முடியும். மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அரசு உதவி வரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிடாதீர்கள். அதற்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. நம் புவிசார் குறியீட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனராக ஒவ்வொருவரும் தனித்தனியே பெயர் பதியலாம். 2020 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நாளை வெளிநாட்டில் நீங்கள் யார் என்று கேட்டால் காட்ட அதுவே முதல் தாள்.

அடுத்த முறை கூடும்போது மூன்று தாள்களை எழுதிக்கொண்டு வாருங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்து கல் பதிக்கும் பெண்கள் உட்பட எல்லாருடைய பெயர்ப் பட்டியல் ஒன்று. சின்னம் போடத் தகுதியான நகைக்கு விதி ஒன்று. நகை போகும் நாடுகளின் பட்டியல் ஒன்று. விண்ணப்பத்தைக் கட்டணம் வாங்காமல் நான் எழுதித் தருகிறேன். உரிமையாளர் என்ற இடத்தில் எழுத ஒரு சங்கத்தின் பெயரை நீங்கள் தாருங்கள்.